விண்டோஸ் இமேஜுக்குள்ளேயே டாட்நெட் 3.5 சேர்த்துவைப்பது எப்படி?

கேட்கப்பட்டது இதுதான். கல்லூரி லேபில் 40 கம்ப்யூட்டர்கள், எல்லாவற்றிலும் விண்டோஸ் 11 புதிதாகப் போட வேண்டும். பாடத்துக்கு வேண்டிய பழைய மென்பொருள் ஒன்று டாட்நெட் ஃப்ரேம்வொர்க் 3.5 (மென்பொருள்கள் இயங்குவதற்கு மைக்ரோசாஃப்ட் தரும் அடித்தளம்) இல்லாமல் திறக்க மாட்டேன் என்கிறது. லேபில் இணையம் கிடையாது. 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பெட்டியைத் திறந்து டிக் போட்டால் 0எக்ஸ்800எஃப்081எஃப் என்ற பிழை வருகிறது. பழைய தமிழ் ஆவணங்களுக்காக லதா எழுத்துருவும் வேண்டும். ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து போராடாமல், இன்ஸ்டால் செய்யும் பென் டிரைவிலேயே இதையெல்லாம் சேர்த்துவிட முடியுமா?

முடியும். முதல் தடவை அரை நாள் போகும். இரண்டாம் தடவையிலிருந்து ஒரு மணி நேர வேலை, அதிலும் பாதி நேரம் சதவீதக் கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்பதுதான். கட்டளைகளைப் போனில் சொல்வது போல உச்சரிப்பிலேயே சொல்லிப்போகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில், டிக் போட்டும் ஏன் வரவில்லை? விண்டோஸ் 7 காலத்தில் டாட்நெட் 3.5 கூடவே வந்தது, இயங்கிக்கொண்டும் இருந்தது. விண்டோஸ் 8 முதல் அதன் ஃபைல்களை எடுத்துவிட்டு, பெயரை மட்டும் பட்டியலில் விட்டுவைத்திருக்கிறார்கள். ஹோட்டல் மெனு கார்டில் ரவா தோசை இருக்கும், கேட்டால் மாவு இல்லை என்பார்களே, அதே கதை. நீங்கள் டிக் போட்டதும் விண்டோஸ் அந்த மாவை வாங்க இணையத்துக்கு ஓடுகிறது. 081எஃப் என்று முடியும் பிழைக்கு 'மூல ஃபைல்கள் எங்கேயும் கிடைக்கவில்லை' என்று பொருள். 0906 என்று முடிந்தால் பதிவிறக்கம் தோற்றிருக்கிறது. அப்டேட்டுகளைச் சொந்த சர்வர் வழியாக மட்டும் விடும் அலுவலகங்களில் 0954 என்று முடியும் ஒன்றைப் பார்க்கலாம், அங்கே அந்த சர்வரிடம் போய்க் கேட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஃபைல் உங்கள் பென் டிரைவிலேயே இருக்கிறது. அதற்குள் 'சோர்சஸ்' ஃபோல்டர், அதற்குள் 'எஸ்எக்ஸ்எஸ்' என்று இன்னொரு ஃபோல்டர். அங்கே நெட்எஃப்எக்ஸ்3 என்ற பெயரைத் தாங்கிய கேப் ஃபைல் (பல ஃபைல்களைச் சுருக்கிக் கட்டிய மூட்டை) இருக்கும். இன்ஸ்டால் முடிந்ததும் பென் டிரைவைப் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டுவிடுகிறோம், விண்டோஸ் அதை இணையத்தில் தேடுகிறது.

ஏற்கெனவே விண்டோஸ் போட்டுவிட்ட மெஷின்கள் நாலைந்து இருந்தால் இமேஜை, அதாவது பென் டிரைவில் அடைத்து வைத்திருக்கும் விண்டோஸை, தொடவே வேண்டாம். பென் டிரைவைச் செருகி, அட்மினிஸ்ட்ரேட்டராகக் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து இந்த ஒரு வரி போதும் (முதலில் வரும் டிஸம், விண்டோஸையும் அதன் இமேஜையும் திருத்த விண்டோஸோடு வரும் கருவி): டிஸம் /ஆன்லைன் /எனேபிள்-ஃபீச்சர் /ஃபீச்சர்நேம்:நெட்எஃப்எக்ஸ்3 /ஆல் /சோர்ஸ்:டி:\சோர்சஸ்\எஸ்எக்ஸ்எஸ் /லிமிட்ஆக்சஸ். டி என்ற இடத்தில் உங்கள் பென் டிரைவின் எழுத்து. கடைசியில் இருக்கும் லிமிட்ஆக்சஸ், 'இணையத்துக்குப் போகாதே, நான் காட்டும் இடத்தில் மட்டும் பார்' என்பது. இதைச் செய்தும் அதே 081எஃப் வருகிறதென்றால், பத்தில் ஒன்பது முறை காரணம் பென் டிரைவின் பதிப்பும் மெஷினின் பதிப்பும் வேறு. விண்டோஸ் 11இன் 23எச்2 பதிப்பு பென் டிரைவின் ஃபைலைக் காட்டினால், அதற்கு அடுத்த பதிப்பான 24எச்2 மெஷின் ஏற்றுக்கொள்ளாது. பிழைச் செய்தியோ 'ஃபைல் இல்லை' என்றுதான் சொல்லும். கண்ணெதிரே ஃபைல் இருக்க, இல்லை என்கிறதே என்று மண்டை காய்ந்தவர்கள் நிறையப் பேர்.

சரி, 40 மெஷினுக்கு வருவோம்.

இன்ஸ்டால் ஆகப்போகும் விண்டோஸ் முழுவதும் 'சோர்சஸ்' ஃபோல்டரில் உள்ள இன்ஸ்டால்.விம் என்ற ஒரே ஃபைலில் இருக்கிறது. விஸ்டா காலத்தில் வந்த வடிவம் இது. அதற்குள் ஹோம், ஹோம் சிங்கிள் லாங்குவேஜ், எஜுகேஷன், ப்ரோ என்று பல பதிப்புகள் வரிசை எண்ணோடு அடுக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணுக்குப் பெயர் இண்டெக்ஸ். பத்துப் பதிப்புகள் இருந்தும் ஃபைல் பத்து மடங்கு பெரிதாகாததற்குக் காரணம், எல்லாப் பதிப்புக்கும் பொதுவான ஃபைலை ஒரே ஒரு முறைதான் சேமிக்கிறது. ஆனால் நாம் செய்யும் மாற்றம் அப்படியல்ல. ஒரு இண்டெக்ஸில் சேர்த்தது அந்த இண்டெக்ஸுக்கு மட்டும்தான்.

இதில் நானே ஒருமுறை நன்றாக மாட்டியிருக்கிறேன். ப்ரோ பதிப்பில் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் சேர்த்து, பென் டிரைவ் தயார் செய்து, ஒரு அலுவலகத்தில் 12 லேப்டாப்புகளில் போட்டேன். ஒன்றில்கூட டாட்நெட் இல்லை. இமேஜில் தப்பில்லை. அந்த லேப்டாப்புகள் கடையிலிருந்து வரும்போதே ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் சாவியை பயாஸில் சுமந்து வந்தவை. விண்டோஸ் செட்டப் அந்தச் சாவியைப் பார்த்ததும், எந்தப் பதிப்பு வேண்டும் என்று கேட்காமலேயே அதைப் போட்டுவிட்டது. திரையில் கேள்வி வரவில்லையே என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். ஆகவே இமேஜைத் தொடும் முன், உங்கள் மெஷின்களில் எந்தப் பதிப்பு உட்காரப்போகிறது என்று ஒன்றில் போட்டுப் பார்த்துவிடுங்கள். பிறகு டிஸமில் 'கெட்-இமேஜ்இன்ஃபோ' கொடுத்து அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஐஎஸ்ஓவில் (இன்ஸ்டால் டிஸ்க் முழுவதையும் ஒரே ஃபைலாக்கியது) ப்ரோ 6ஆம் எண்ணில் இருக்கும், ஆனாலும் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

'சோர்சஸ்' ஃபோல்டரில் விம் இல்லாமல் இன்ஸ்டால்.ஈஎஸ்டி என்று இருந்தால், அது இன்னும் இறுக்கி அழுத்தியது. மீடியா கிரியேஷன் டூல் வழியாகச் செய்த பென் டிரைவில் இப்படித்தான் இருக்கும். அதை நேரடியாகத் திறந்து மாற்ற முடியாது. 'எக்ஸ்போர்ட்-இமேஜ்' கட்டளையால் வேண்டிய இண்டெக்ஸை மட்டும் விம்மாக எடுத்துக்கொள்ளலாம், அல்லது ஐஎஸ்ஓவாகவே இறக்கிக்கொள்ளலாம். பக்கத்திலேயே பூட்.விம் என்று இன்னொன்று இருக்கும். சிலர் அதில் டாட்நெட்டைச் சேர்க்கப் பார்க்கிறார்கள். இன்ஸ்டால் திரையைக் காட்டும் குட்டி விண்டோஸ் அது, ஹார்ட் டிஸ்கில் போய் உட்காருவது அதுவல்ல.

இன்ஸ்டால்.விம்மை ஹார்ட் டிஸ்குக்கு நகல் எடுங்கள். மூலத்தைத் தொடாமல் தனியே வையுங்கள். நகல் எடுத்ததன் மேல் வலது கிளிக் செய்து 'ரீட் ஒன்லி' டிக்கை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அனுமதி இல்லை என்று முறைத்துக்கொள்ளும். அப்புறம் சி டிரைவில் 'மவுண்ட்' என்று ஒரு காலி ஃபோல்டர், டிஸ்கில் தாராளமாக இடம். 'மவுண்ட்-இமேஜ்' கொடுத்து, விம் ஃபைல், இண்டெக்ஸ், மவுண்ட் ஃபோல்டர் மூன்றையும் சொன்னால், சில நிமிடங்களில் அந்தக் காலி ஃபோல்டருக்குள் விண்டோஸ், யூசர்ஸ், ப்ரோக்ராம் ஃபைல்ஸ் எல்லாம் வந்து நிற்கும். தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு சி டிரைவ் மாதிரி. இனி அதை எழுப்பாமலேயே உள்ளே வேலை பார்க்க வேண்டும்.

எழுப்பாமல் என்பதில் ஒரு எச்சரிக்கை. இணையத்தில் கிடைக்கும் உதாரணங்களில் முக்கால்வாசி '/ஆன்லைன்' என்றுதான் தொடங்கும். ஆன்லைன் என்றால் இணையம் என்று பொருளல்ல, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் சொந்த விண்டோஸ் என்று பொருள். அதை அப்படியே நகலெடுத்துத் தட்டினால் வசதி உங்கள் மெஷினில் ஏறிவிடும், இமேஜ் சும்மா கிடக்கும். நமக்கு வேண்டியது '/இமேஜ்:சி:\மவுண்ட்'. டிஸமும் இமேஜின் பதிப்புக்குச் (ஹோம், ப்ரோ அல்ல, 24எச்2 போன்றது) சமமாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும். பழைய விண்டோஸில் உட்கார்ந்து புதிய இமேஜைத் திருத்தப் போனால் புரியாத பிழைகளாக வரும்.

இமேஜுக்குள் வசதி சேர்ப்பதில் மூன்று விதம் உண்டு, இதைக் கலந்துகொண்டுதான் பலர் தடுமாறுகிறார்கள். டெல்நெட் கிளையன்ட், ஹைப்பர்-வி, விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் போன்றவற்றுக்கு ஃபைல்கள் உள்ளேயே இருக்கின்றன. 'எனேபிள்-ஃபீச்சர்' என்று சுவிட்சைத் தட்டினால் போதும், மூலம் எதுவும் காட்ட வேண்டாம். (ஹோம் பதிப்பில் ஹைப்பர்-வி தேடாதீர்கள், அதில் கிடையாது.) டாட்நெட் 3.5க்குச் சுவிட்ச் உள்ளே, ஃபைல் வெளியே. அதனால் அதே எனேபிள்-ஃபீச்சரோடு எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரைச் சோர்ஸாகக் காட்டுகிறோம். மூன்றாவது வகைக்கு ஃபீச்சர்ஸ் ஆன் டிமாண்ட் என்று பெயர், டிஸம் மொழியில் கேப்பபிலிட்டி. விண்டோஸ் 10 1809இலிருந்து சர்வர் நிர்வாகக் கருவிகளான ஆர்சாட் இந்த வகைக்கு மாறிவிட்டது. தூரத்திலிருந்து மெஷினுக்குள் நுழைய உதவும் ஓப்பன் எஸ்எஸ்எச் சர்வரும், நீங்கள் கேட்ட தமிழ் எழுத்துருவும் இதே வகை. இவற்றின் ஃபைல் உங்கள் பென் டிரைவில் இருக்காது. 'லாங்குவேஜஸ் அண்ட் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று தனி ஐஎஸ்ஓ இருக்கிறது, வால்யூம் லைசென்ஸ் வைத்திருக்கும் நிறுவனங்களுக்குக் கிடைக்கும். கல்லூரி என்றால் லைசென்ஸ் யார் கையில் இருக்கிறது என்று அலுவலகத்தில் விசாரியுங்கள். அந்த ஐஎஸ்ஓவும் இமேஜின் பதிப்புக்குப் பொருந்த வேண்டும்.

தமிழ் எழுத்துரு விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். விண்டோஸ் 2000 முதல் தமிழுக்கு லதாதான் முகம். விண்டோஸ் 8இல் எல்லா இந்திய மொழிகளுக்கும் பொதுவாக நிர்மலா யுஐ வந்தது. விண்டோஸ் 10இல் லதாவையும் விஜயாவையும் 'தமிழ் சப்ளிமெண்டல் ஃபாண்ட்ஸ்' என்று தனியே பிரித்து வைத்துவிட்டார்கள். லதா இல்லையென்றால் ஆவணம் கட்டம் கட்டமாகத் தெரியாது. நிர்மலாவில் திறந்துகொள்ளும். ஆனால் எழுத்தின் அகலம் மாறுவதால் வரிகள் மடங்கும் இடம் மாறும், ஒரு பக்க வினாத்தாள் ஒன்றே கால் பக்கமாகும், அட்டவணை கோணிக்கொள்ளும். லதா கேட்பவர்கள் பெரும்பாலும் இதற்காகத்தான் கேட்கிறார்கள். அதே சமயம், உங்கள் பழைய ஆவணங்கள் பாமினியிலோ வானவில்லிலோ தட்டியவை என்றால் லதா எந்த வகையிலும் உதவாது. அவை யூனிகோடு அல்ல. அந்தந்த எழுத்துருவையே போட வேண்டும், அல்லது யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இமேஜில் கை வைக்கும் முன் ஒரு ஆவணத்தைத் திறந்து எது என்று பாருங்கள்.

இணையம் உள்ள மெஷின் என்றால், மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தாலே இந்த எழுத்துருக்கள் தானாக இறங்கிவிடும். லேபில் அது நடக்காது. அதனால் 'ஆட்-கேப்பபிலிட்டி' கொடுத்து, அந்தத் தனி ஐஎஸ்ஓவின் ஃபோல்டரைச் சோர்ஸாகக் காட்ட வேண்டும். கேப்பபிலிட்டியின் பெயர் ஒரு வினோதம்: 'லாங்குவேஜ்.ஃபாண்ட்ஸ்.டாம்ல்', பிறகு மூன்று அலைக்குறி, பிறகு மொழிக் குறியீடு, மறுபடி ஒரு அலைக்குறி, கடைசியில் 0.0.1.0. ஓப்பன் எஸ்எஸ்எச்சில் மொழி இடம் காலி, அதனால் நாலு அலைக்குறிகளும் ஒட்டி நிற்கும். கையால் தட்டினால் ஒரு அலை குறையும், தவறு எங்கே என்று தேடியே சாயங்காலமாகிவிடும். 'கெட்-கேப்பபிலிட்டிஸ்' கொடுத்துப் பட்டியலை வாங்கி, அதிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள். கேப் ஃபைலை நேராக 'ஆட்-பேக்கேஜ்' செய்வதைவிட இது நல்லது, கூட வர வேண்டிய துணை ஃபைல்களை இதுவே தேடி எடுத்துக்கொள்ளும்.

இப்போது வரிசை. எனக்குக் கேட்டால், இந்த வேலையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான். மொழி, எழுத்துரு, கேப்பபிலிட்டி எல்லாம் முதலில். அதற்குப் பிறகுதான் அந்த மாதத்து கியூமுலேட்டிவ் அப்டேட் (முந்தைய திருத்தங்களையும் சேர்த்துத் தரும் மாதாந்திர அப்டேட்). ஏனென்றால் தனி ஐஎஸ்ஓவில் இருப்பவை அந்தப் பதிப்பு வெளியான காலத்துப் பழைய ஃபைல்கள், அப்டேட் வந்துதான் அவற்றைப் புதுப்பிக்கும். அப்டேட்டை முதலில் போட்டுவிட்டுப் பிறகு சேர்த்தால், அதையே மறுபடி ஒருமுறை போட வேண்டியதாகிவிடும். 24எச்2 முதல் சில அப்டேட்டுகளுக்கு முன்னதாக வேறொரு 'செக்பாயிண்ட்' அப்டேட் தேவைப்படுகிறது. இரண்டின் எம்எஸ்யு (அப்டேட்) ஃபைல்களையும் வேறு எதுவும் இல்லாத ஒரே ஃபோல்டரில் வைத்து, புதியதைக் காட்டினால் டிஸம் மற்றதைத் தானே எடுத்துக்கொள்ளும்.

அப்டேட் ஏறியதும் பழைய ஃபைல்களைக் கழிக்க 'கிளீனப்-இமேஜ்', அதோடு 'ஸ்டார்ட்கம்போனெண்ட்கிளீனப்', 'ரீசெட்பேஸ்'. டாட்நெட்டை இதற்கு முன்பு போடாதீர்கள், இதற்குப் பின்பு போடுங்கள். தூங்கும் இமேஜில் டாட்நெட்டை இயக்கினால் வேலை முழுதாக முடிவதில்லை, மிச்சத்தை முதல் பூட்டில் முடித்துக்கொள்கிறேன் என்று பாக்கி வைக்கிறது. 'கெட்-ஃபீச்சர்இன்ஃபோ' கொடுத்துப் பார்த்தால் 'எனேபிள் பெண்டிங்' என்று காட்டும். அது பிழையல்ல. ஆனால் பாக்கி இருக்கும் இமேஜில் கிளீனப் ஓடாது, 0806 என்று முடியும் பிழையோடு நின்றுவிடும். வரிசையை மாற்றிப்போட்டு, கிளீனப்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து இமேஜையே தூக்கிப்போட்டவர்கள் உண்டு. டாட்நெட் போட்ட பிறகு அதற்குரிய மாதாந்திர அப்டேட்டையும் சேர்த்துவிடுங்கள்.

மூடும்போதுதான் பாதிப் பேர் கவிழ்கிறார்கள். 'அன்மவுண்ட்-இமேஜ்' கொடுத்து '/கமிட்' சொன்னால் மாற்றங்கள் விம்முக்குள் எழுதப்படும், '/டிஸ்கார்ட்' சொன்னால் எல்லாம் போய்விடும். அதற்கு முன் எக்ஸ்ப்ளோரர் ஜன்னலில் மவுண்ட் ஃபோல்டர் திறந்திருக்கிறதா பாருங்கள். கமாண்ட் பிராம்ப்டே அந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டிருந்தாலும் தகராறுதான். ஆன்டிவைரஸ் உள்ளே புகுந்து மோந்துகொண்டிருந்தாலும் அப்படியே. 'ஃபோல்டரை முழுதாக விடுவிக்க முடியவில்லை' என்று வந்தால், பெரும்பாலும் எழுத வேண்டியது எழுதப்பட்டுவிட்டிருக்கும், கழற்றுவது மட்டும் பாக்கி. எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி டிஸ்கார்ட் கொடுங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் ரீஸ்டார்ட் செய்து 'கிளீனப்-மவுண்ட்பாயிண்ட்ஸ்'. மவுண்ட் ஃபோல்டரைக் கையால் டெலீட் மட்டும் செய்யப் போகாதீர்கள், அனுமதிச் சண்டையில் அன்றைய நாள் போய்விடும். எந்தக் கட்டத்திலாவது என்ன நடந்தது என்று தெரியவில்லையா, விண்டோஸ் ஃபோல்டருக்குள் லாக்ஸ், அதற்குள் டிஸம், அங்கே டிஸம்.லாக். கடைசியிலிருந்து மேலே படித்துக்கொண்டு போனால் சங்கதி கிடைக்கும்.

இத்தனை கூட்டல் கழித்தலில் விம் ஊதியிருக்கும். ஒரு எக்ஸ்போர்ட்-இமேஜ் போட்டுப் புதிய ஃபைலாக எடுத்தால் கொஞ்சம் இளைக்கும். பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்தது என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. 'ஸ்பிளிட்-இமேஜ்' கொடுத்து 3800 எம்பி அளவுத் துண்டுகளாக்கி, இன்ஸ்டால்.எஸ்டபிள்யூஎம் என்று அதே ஃபோல்டரில் வைத்துவிட்டுப் பழைய விம்மை எடுத்துவிடுங்கள், செட்டப் புரிந்துகொள்ளும். துண்டாக்கியதைப் பிறகு திருத்த முடியாது, அதனால் முழு விம் ஒன்றைப் பத்திரப்படுத்துங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இமேஜைத் திறந்ததுமே கை துறுதுறுக்கும், இதையும் போடலாமே அதையும் போடலாமே என்று. எல்லா மெஷினுக்கும் வேண்டியது, பிறகு எளிதில் சேர்க்க முடியாதது, இந்த இரண்டும் பொருந்தினால் மட்டும் உள்ளே விடுங்கள். குறிப்பாக, பழைய ஸ்கேனர் ஷேர் ஃபோல்டரில் எழுத மாட்டேன் என்கிறது என்பதற்காக எஸ்எம்பி1ஐ (நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் பழைய முறை) இமேஜிலேயே இயக்கிவைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது அந்த வழியாகத்தான். அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதன் சர்வர் பகுதியைப் புது இன்ஸ்டாலில் போடுவதையே நிறுத்திவிட்டது. ஒரு ஸ்கேனருக்காக 40 மெஷினின் கதவையும் திறந்து வைப்பானேன்? 'எல்லாம் சேர்த்தது' என்று வெளியில் சுற்றும் தயார் ஐஎஸ்ஓக்களையும் தொடாதீர்கள், உள்ளே யார் என்ன சேர்த்தார்கள் என்று உங்களால் பார்க்க முடியாது. டாட்நெட் 3.5க்கே 2029 ஜனவரி 9 வரைதான் ஆதரவு. அந்தப் பாட மென்பொருளைத் தந்தவர்களிடம் புதிய பதிப்பு எப்போது என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

40 மெஷினில் போடும் முன், ஒரு விர்ச்சுவல் மெஷினில் நெட்வொர்க் கார்டைக் கழற்றிவிட்டு இன்ஸ்டால் செய்து பாருங்கள். நெட் இருந்தால் விண்டோஸ் தானே இறக்கிக்கொண்டு உங்களை ஏமாற்றிவிடும். டெஸ்க்டாப் வந்ததும் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பெட்டியைத் திறங்கள். டாட்நெட் 3.5க்கு எதிரே டிக் இருக்காது, கட்டம் நிரம்பிய மாதிரி ஒரு சதுரம் இருக்கும். பாதிதான் ஏறியது என்று பதற வேண்டாம். அதன் கீழே டபிள்யூசிஎஃப் ஆக்டிவேஷன் என்று இரண்டு குட்டி வசதிகள் அணைந்திருப்பதால்தான் அப்படி. நாம் கொடுத்த '/ஆல்' தாய் வசதிகளைத்தான் சேர்த்து எழுப்பும், குட்டிகளை எழுப்பாது. உங்கள் மென்பொருள் அவற்றைக் கேட்காத வரை அந்தச் சதுரம் சரியாகத்தான் இருக்கிறது.